சித்திரையில் தரிசு, கார்த்திகையில் கண்மாய்

ஐந்து ஏக்கரில் கல்குவாரி தொடங்க வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேல் அடுக்குமாடி கட்டினாலும் வாங்க வேண்டும். 2,500 ஏக்கரில் சோலார் தகடு பதிக்க அந்த அனுமதி வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சூரிய ஒளி மின்நிலையம் இடம்பெறவில்லை. 2011 மே மாதம் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டு அதை உறுதிசெய்தது. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இவற்றை ‘வெள்ளை’ வகையில் சேர்த்தது. மாசு மிகக் குறைவான தொழில்களுக்கான வகை அது.

மாசு என்ற அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. புகை கிடையாது, சாம்பல் கிடையாது, கடலில் போய் விழும் வெந்நீர் கிடையாது. ஆனால் இராமநாதபுரம் பக்கத்தில் சோலாரைப் பற்றிய சிக்கல் மாசு சம்பந்தப்பட்டதே இல்லை. எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். அந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டத்தில் ஒரு கட்டமே கிடையாது.

2016 செப்டம்பரில் கமுதி அருகே அதானி குழுமத்தின் 648 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகிலேயே பெரியது அதுதான் என்று பேசினார்கள். 25 லட்சம் தகடுகள், 4,550 கோடி ரூபாய் முதலீடு, எட்டே மாதத்தில் வேலை முடிந்தது. யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு மின்வாரியம் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம். அதே கமுதியிலிருந்து புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முதுகுளத்தூர் பக்கத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று இரண்டு பறவைகள் சரணாலயங்கள். இரண்டுமே 1989இல் அறிவிக்கப்பட்டவை, இப்போது ராம்சர் தளங்கள், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள். 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. நான்கும் கண்மாய்கள்தான். நான்கின் பரப்பையும் கூட்டினால் 617 ஹெக்டேர், அதாவது சுமார் 1,525 ஏக்கர். 2,500 ஏக்கரில் உள்ள கமுதியின் அந்த ஒரு நிலையம் இந்த நான்கையும் சேர்த்ததைவிடப் பெரியது.

இதைப் படித்தவுடன் ‘அப்போ சோலாரே வேண்டாம் என்கிறீர்களா’ என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்லவில்லை. 648 மெகாவாட் நிலையம் பதினெட்டு சதவீதத் திறனில் ஓடினால்கூட ஆண்டுக்கு நூறு கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கிடைக்கும். அதை நிலக்கரியில் எடுத்தால் ஏறத்தாழ ஒன்பது லட்சம் டன் கரியமில வாயு வெளியேறும். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்துப் போயின. அந்தக் கடலின் கரையில் உட்கார்ந்துகொண்டு நிலக்கரியே மேல் என்று யாரும் வாதாட முடியாது. தமிழ்நாட்டின் சோலார் திறன் இப்போது பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, இன்னும் கூடும். ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் என்று வைத்தாலும் தேவைப்படும் நிலம் கொஞ்சநஞ்சமல்ல. அதில் பெரும்பங்கு, மழை குறைந்து வெயில் மிகுந்த, நிலவிலை மலிவான தென்மாவட்டங்களைத் தேடித்தான் வரும்.

ஒரு முறை வந்தால் தொடர்ந்தும் வரும். சோலார் நிலையத்துக்கு நிலத்தைப் போலவே முக்கியம் பக்கத்தில் துணைமின்நிலையம் இருப்பது. கமுதியில் 400 கிலோவோல்ட் துணைமின்நிலையம் அமைந்துவிட்டதால், அதைச் சுற்றியுள்ள நிலமெல்லாம் கம்பி இழுக்கும் செலவில் மலிவாகிவிடுகிறது. அடுத்த கம்பெனி நிலம் தேடும்போது வட்டத்தின் மையம் அங்கேதான் விழும்.

சரி, அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது? நிலம் பார்க்க வருபவர் பெரும்பாலும் வெயில் காலத்தில் வருவார். பங்குனி, சித்திரையில் முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடிப் பக்கம் போனால் வெடித்துக் கிடக்கும் கரிசலும் சீமைக் கருவேலமும் ஒற்றைப் பனைகளும்தான் கண்ணில் படும். ஆடு மேய்ப்பவரைத் தவிர ஆள் நடமாட்டம் இருக்காது. ‘வெட்டவெளி’ என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். அதே இடத்துக்குக் கார்த்திகைக் கடைசியில் வந்தால் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும்.

இராமநாதபுரம் சீமையின் கண்மாய் ஆழமான ஏரி அல்ல. நிலம் மேற்கிலிருந்து கிழக்காக, தென்கிழக்காக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரிகிறது. அந்தச் சரிவை மறித்துப் பிறை வடிவில் ஒரு மண்கரை. மேற்குப் பக்கம் திறந்தே இருக்கும், ஏனென்றால் தண்ணீர் அந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும். கரையில் மடைகள், ஓரத்தில் மிகைநீர் வழிந்தோடும் கலுங்கு. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு தாண்டினால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். அது தாண்டினால் அதற்கும் கீழே. இப்படியே போய்க் கடைசிக் கண்மாயின் மிச்சம் கடலோர உப்பங்கழியில் சேரும். வைகையே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்கி, மிஞ்சியதுதான் ஆற்றங்கரை அருகே கடலுக்குப் போகிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலமாம். கண்மாயின் அளவைச் சொல்ல ஊர்க்காரர்களுக்கு நாரைதான் அளவுகோலாகக் கிடைத்திருக்கிறது.

உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே நீர் பரவும் பகுதியில், தண்ணீர் பெரும்பாலும் முழங்கால், இடுப்பு அளவுதான் நிற்கும். ஐப்பசியில் ஏறி, தையில் நின்று, பங்குனியில் வற்றிவிடும். விவசாயிக்கு அது போதாத ஆழம், நாரைக்குச் சரியான ஆழம். மஞ்சள் மூக்கு நாரை அலகை அரைகுறையாகத் திறந்து தண்ணீருக்குள் விட்டபடி நடக்கும், மீன் உரசினால் டக்கென்று மூடிவிடும். ஆழம் கூடினால் அந்த வித்தை பலிக்காது. நத்தைக் குத்தி நாரை கண்மாயைவிட வயலில்தான் அதிகம் மேயும், நெல் வயலில் நத்தை இருக்கும் வரைக்கும். கூழைக்கடாவுக்கு மட்டும் கொஞ்சம் ஆழம் வேண்டும். இவை கூடு கட்டுவது உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில். ஆனால் கூடு இருக்கும் கண்மாய் வேறு, இரை இருக்கும் கண்மாய் வேறு. ஒரு கண்மாயின் மீன் சில நாளில் தீர்ந்துவிடும். பிறகு சுற்றுவட்டாரத்தில் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர்க் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் பறந்து போய்த்தான் குஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதாவது சித்திரங்குடிக்கு வேலி போட்டு ராம்சர் பலகை வைத்தால் காப்பாற்றப்படுவது பறவையின் வீடு மட்டும்தான். அதன் கடைத்தெரு வேலிக்கு வெளியே இருக்கிறது.

அந்த வெளிப்பகுதியைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான ஒப்பந்தம், இயற்கையானதோ மனிதர் உண்டாக்கியதோ, நிரந்தரமோ தற்காலிகமோ, எல்லாவற்றையும் ஈரநிலம் என்றே கொள்கிறது. நமது 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் அப்படி இல்லை. ஆற்றுப் படுகை, நெல் வயல், குடிநீருக்காக வெட்டிய குளம், மீன் வளர்ப்புக்கும் உப்பு உற்பத்திக்கும் பாசனத்துக்கும் பொழுதுபோக்குக்கும் என்று கட்டப்பட்டவை, எல்லாவற்றையும் வரையறையிலிருந்து வெளியே தள்ளிவிட்டன. இராமநாதபுரம் மாவட்டத்தில் இவற்றைக் கழித்தால் என்ன மிஞ்சும்? கண்மாய் பாசனத்துக்குக் கட்டியது. ஊரணி குடிநீருக்கு வெட்டியது. வாலிநோக்கம் பக்கம் இருப்பது உப்பளம். மாவட்டத்தின் ஈரம் முழுக்க மனிதர் கைபட்டது, கைபட்டதாலேயே கணக்கில் வராமல் போகிறது. சித்திரங்குடி சரணாலயமாகவும் ராம்சர் தளமாகவும் அறிவிக்கப்பட்டதால் தப்பித்தது. அதே மண்ணால், அதே முறையில் கரை எழுப்பிய பக்கத்து ஊர்க் கண்மாய் இந்த விதிகளின் கண்ணுக்கு ஈரநிலமே அல்ல.

நீதிமன்றம் இதைக் கொஞ்சம் சரிசெய்யப் பார்த்திருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம், செயற்கைக்கோள் அட்லஸில் பதிவான 2,01,503 ஈரநிலங்களுக்கும் பழைய 2010 விதிகளின் 4ஆவது விதி தரும் பாதுகாப்பு பொருந்தும் என்று சொன்னது. 2024 டிசம்பரில், புதிய அட்லஸ்படி 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,31,195 ஈரநிலங்களின் எல்லையையும் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் கண்மாயின் எல்லைக் கல்லுக்கு உள்ளே நடப்பதைப் பற்றிப் பேசுகின்றன. கல்லுக்கு வெளியே, மேற்குப் பக்கம் திறந்து கிடக்கும் நீர்ப்பிடிப்பு நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சோலார் வருவது பெரும்பாலும் அங்கேதான். கண்மாயின் உள்வாயில் தகடு பதிக்க யாருக்கும் துணிச்சல் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

நீர்ப்பிடிப்பு நிலம் காகிதத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு அடங்கல் நகலை எடுத்துப் பார்த்தால் போதும். கிராம நிர்வாக அலுவலர் பசலி ஆண்டுவாரியாக ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் கணக்கு அது. வானம் பார்த்த பூமியில் மழை ஏமாற்றினால் விதைக்க முடியாது. விதைக்காவிட்டால் பயிர் என்ற இடத்தில் ‘தரிசு’ என்று விழும். மூன்று நான்கு பசலி இப்படிப் போனால் கருவேலம் முளைத்துவிடும், அதுவும் பதிவாகும். அந்த நிலத்துக்காரர் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார். தரகர் போன் செய்து ‘சும்மா கிடக்கிற நிலம்தானே அண்ணே’ என்று கேட்டால் மறுக்கக் காரணம் இல்லை. அவரைக் குறை சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. புழுதி விதைப்பு விதைத்து, மழைக்குக் காத்திருந்து, நட்டப்பட்டு ஓய்ந்தவர் அவர்.

நாடு முழுமைக்குமான தரிசு நில அட்லஸிலும் இதே குழப்பம் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் உதவியுடன் தயாராகும் அதில் தரிசு என்பது இருபத்து மூன்று வகை. நீர் தேங்கும் சதுப்பு நிலம் அதில் ஒரு வகை, உவர் நிலம் ஒரு வகை, கடலோர மணல் ஒரு வகை, புதர்க்காடு ஒரு வகை. ஈரநில அட்லஸைத் தயாரிப்பது அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம். இரண்டும் இஸ்ரோவின் கிளைகள்தான். ஒரே சதுப்பு ஒரு புத்தகத்தில் காக்க வேண்டிய ஈரநிலமாகவும், இன்னொன்றில் பயன்படுத்தக் காத்திருக்கும் தரிசாகவும் இருக்க வழியிருக்கிறது. முதலீட்டாளர் கையில் எந்தப் புத்தகம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிலம் வாங்கிய பிறகு நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பொதுவாக ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ‘தகடு போட்டால் மழை மண்ணில் இறங்காது’ என்பார்கள். அது அப்படியே உண்மையல்ல. தகட்டின் மேல் விழும் மழை அதன் விளிம்பிலிருந்து வழிந்து கீழே மண்ணில்தான் விழுகிறது. தகட்டுக்கு அடியில் புல் இருந்தால் நீரோட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை என்றே நீரியல் ஆய்வுகள் காட்டுகின்றன. மண்ணைச் சொட்டையாக்கி, எந்திரம் ஓட்டி இறுக்கி, ஜல்லி கொட்டினால்தான் வழிந்தோடும் நீர் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. ஆக, தகடு குற்றவாளி அல்ல. தரையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். புல் வளர்ந்தால் தீப்பிடிக்கும், நிழல் விழும், பாம்பு வரும் என்று பராமரிப்பவர்கள் அதைச் செதுக்கி எடுப்பதே வழக்கம்.

அதைவிடப் பெரிய பாதிப்பு சமப்படுத்துவதால் வருகிறது. தகடு வரிசைகளுக்காக நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சீவி எடுப்பார்கள். மழைத் தண்ணீர் உள்ளே தேங்காமல் இருக்கச் சுற்றிலும் வடிகால் வெட்டுவார்கள். கம்பெனிக்குத் தண்ணீர் வெளியே போனால் போதும், எந்தப் பக்கம் போகிறது என்பது அவர்கள் கவலை இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் கிராம வரைபடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டை விட்டுவிட்டுத்தான் வேலி போட்டோம் என்று சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்தச் சமவெளியில் தண்ணீர் கோட்டில் மட்டும் வருவதில்லை, நிலம் முழுக்கப் பரவிப் படலமாக வருகிறது. கோடு பத்திரமாக இருக்கும், தண்ணீர் வராது. அல்லது வரும்போது சீவிய மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்து உள்வாயை மேடாக்கும். சங்கிலிக் கண்மாயில் மேலே ஒன்றுக்கு வரத்து குறைந்தால் கீழே நான்கு கண்மாய்க்குக் கலுங்குத் தண்ணீர் கிடைக்காது. அந்த நான்கில் ஒன்று சரணாலயமாக இருக்கக்கூடும். சரணாலயத்தின் எல்லைக்குள் ஒரு செங்கல்கூட வைக்காமல் அதைக் காயப்போட்டுவிடலாம்.

கடலோரத்துக்கு வந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. இங்கே கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. அலையாத்தி, கடற்புல், பவளம், சேற்றுத்திட்டு, பறவை கூடு கட்டும் இடம் என்பவற்றுக்கு அது நல்ல பாதுகாப்பே தருகிறது. ஆனால் அதே 2019 அறிவிக்கை, அப்படிக் குறிக்கப்படாத, கடல்நீர் ஏறி இறங்கும் ஓதப் பகுதியில் மரபுசாரா எரிசக்தி வசதிகளுக்கு வழி விட்டிருக்கிறது. கடலோர மண்டல அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். எனவே வரைபடத்தில் எது சேற்றுத்திட்டு, எது வெறும் ஓதப்பகுதி என்று யார், எந்த மாதத்தில் கோடு போடுகிறார்கள் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கோடியக்கரையைப் போல இந்தக் கரைக்குப் பெயர் இல்லாவிட்டாலும் பறவைகளுக்கு இந்த வழி தெரியும். மத்திய ஆசியப் பறவைத்தடம் என்ற வலசைப் பாதையின் தென்பகுதியில் இருக்கிறது இது. ஓதம் இறங்கிய சேற்றில் கால் நீளத்துக்கு ஏற்ப இடம் பிரித்துக்கொள்ளும். உப்புக்கொத்திகள் காய்ந்த விளிம்பில், உள்ளான்கள் ஈரச் சேற்றில், மூக்கன்கள் கணுக்கால் தண்ணீரில், பூநாரைகள் எல்லோரையும் தாண்டி உள்ளே. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகப் பிடித்து உப்புத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும். அந்த மாதிரித் தண்ணீர் உப்பளப் பாத்திகளிலும் கிடைக்கிறது. மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர். உப்பு எடுக்கப் போட்ட பாத்தி பறவைக்கு மேய்ச்சலாவது இந்தக் கரையில் சாதாரணம். ஆனால் தட்டையான, மரமில்லாத, அரசு கையில் உள்ள, வெயில் அடிக்கும் நிலம் என்றால் சோலார்க்காரர் கேட்பதும் அதைத்தானே. ராஜஸ்தானின் சாம்பர் உப்பு ஏரியில் அதுதான் நடந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 4,000 மெகாவாட் நிலையம் போட 2014இல் ஒப்பந்தம் போட்டன. அந்த ஏரி ராம்சர் தளம், பூநாரைகளின் இடம் என்று எதிர்ப்பு கிளம்பியது. நிலையம் அங்கே வரவில்லை. வாலிநோக்கம் உப்பளத்துக்கு ராம்சர் பட்டம் கிடையாது.

தகடே பறவையைக் கொல்லுமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. கலிபோர்னியாவின் பாலைவனத்தில் உள்ள பெரிய சோலார் நிலையங்களில் நீர்ப்பறவைகளின் உடல்கள் கிடைத்ததை 2014இல் அமெரிக்க வனவுயிர்த் துறையின் தடயவியல் ஆய்வகம் பதிவு செய்தது. மேலிருந்து பார்க்கும்போது தகடு வரிசை ஏரி போலத் தெரிந்திருக்கலாம் என்று ஊகித்தார்கள். அதைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. பூச்சிகள் ஏமாறுவது மட்டும் உறுதி. ஹங்கேரியின் காபர் ஹோர்வத் குழு, நீரில் முட்டையிடும் பூச்சிகள் தகட்டின் ஒளியைத் தண்ணீர் என்று நம்பி அதில் வந்து இறங்குவதை நிரூபித்தது. தகட்டில் வெள்ளைக் கோடுகள் போட்டால் அது குறைகிறது என்றும் காட்டியது. கமுதி தகடுகளால் நம்மூர் நாரை ஏமாறுகிறதா என்பதைவிட எனக்குக் கவலை தருவது கம்பிகள். கூழைக்கடாவும் பூநாரையும் கனத்த உடம்புக்காரர்கள், பறக்கும்போது சட்டென்று திரும்ப வராது. கூடுக்கும் மேய்ச்சலுக்கும் இடையே விடியலிலும் அந்தியிலும் தாழப் பறப்பவை. கட்ச் பகுதியில் பூநாரைகள் மின்கம்பியில் மோதிக் கூட்டமாக இறந்திருக்கின்றன. கானமயில் என்ற அரிய பறவைக்காக உச்ச நீதிமன்றம் 2021இல் கம்பிகளைப் பூமிக்கடியில் போடச் சொல்லி, 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தியது. அந்த வழக்கு முழுக்க ராஜஸ்தான், குஜராத்தைப் பற்றியது. நம் கரையில் கம்பி எந்தப் பறவைத்தடத்தைக் குறுக்கே வெட்டுகிறது என்ற கேள்வி அலுவல் முறையாக எழவே இல்லை.

பறவையை மட்டும் பேசினால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ‘தரிசில்’ வாழ்வு நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளுக்கு அறுவடை முடிந்த புஞ்சையும் வற்றிய உள்வாயும் மேய்க்கால் புறம்போக்கும்தான் பிழைப்பு. வேலி வந்தால் மேய்ச்சல் மட்டும் போகாது, ஒரு மேய்ச்சலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையும் போகும். ஆட்டை மைல் கணக்கில் சுற்றி ஓட்ட வேண்டும். கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்களுக்கும் அதே கதை. நிலத்துக்குப் பணம் பட்டாதாரருக்கு. மேய்த்தவருக்கும் வெட்டியவருக்கும் எதுவும் எழுதப்பட்டிருக்காது. கட்டுமானக் காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை, பிறகு காவலும் தகடு துடைப்பும். துடைப்பையும் இப்போது ரோபோ செய்கிறது.

இங்கே ஒரு ஒப்பீடு பொருத்தமாக இருக்கும். 2025இல் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் ஓஎன்ஜிசி இருபது ஆய்வுக் கிணறுகள் தோண்ட மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் அனுமதி கொடுத்தது வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், அதைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. கிணறுகள் வேண்டுமா வேண்டாமா என்பது இருக்கட்டும். அனுமதி கேட்க வேண்டியிருந்ததால் ஒரு விண்ணப்பம் இருந்தது. அதில் ஊர்ப் பெயர் இருந்தது, எதிர்க்க ஒரு காகிதம் இருந்தது. சோலாருக்கு அந்தக் காகிதமே கிடையாது. வேலிக் கல் ஊன்றும்போதுதான் ஊருக்குத் தெரியும், அதற்குள் கிரயம் முடிந்திருக்கும்.

ஜப்பானிலும் இப்படித்தான் தொடங்கியது. அங்கே வடக்கில் ஹொக்கைடோ தீவில் குஷிரோ சதுப்பு நிலம், 1980இல் அந்நாட்டின் முதல் ராம்சர் தளமானது, செந்தலைக் கொக்கின் இடம். 2012இல் சூரிய மின்சாரத்துக்கு நல்ல கொள்முதல் விலை அறிவித்த பிறகு, தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே கிடந்த மலிவான தனியார் நிலங்களில் தகடுகள் பரவின. சட்டப்படி எல்லாம் சரி. கடைசியில் குஷிரோ நகராட்சியே 2025 செப்டம்பரில் ஒரு விதி இயற்றியது. பத்து கிலோவாட் முதல் தரையில் வைக்கும் சோலாருக்கு நகராட்சியின் அனுமதி வேண்டும், அரிய உயிரினங்கள் உள்ள இடத்தில் முதலில் ஆய்வு நடத்த வேண்டும். கிட்டத்தட்ட பதிமூன்று ஆண்டு தாமதம்.

மாற்று வழியாக எல்லோரும் முதலில் சொல்வது கூரை. நல்லதுதான், ஆனால் கணக்கு போட்டால் மலைப்பு வரும். கமுதி நிலையத்துக்கு ஈடாக வீட்டுக்கு மூன்று கிலோவாட் வீதம் வைத்தால் 2,16,000 வீடுகள் வேண்டும். ஒன்றிய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தந்தும் கூரை சோலார் நம்மூரில் மெதுவாகத்தான் நகர்கிறது. நீர்மேல் மிதக்கும் சோலார் தூத்துக்குடியில் ஸ்பிக் வளாகத்தின் நீர்த்தேக்கத்தில் 2022இல் வந்தது, 22 மெகாவாட். தொழிற்சாலைத் தொட்டியில் அது அழகான யோசனை. கண்மாயில் அதைச் செய்யக் கூடாது, ஆழமே இல்லாத நீரை மூடினால் நாரைக்கு மிச்சம் எதுவும் இராது. எனவே தரைச் சோலார் இல்லாமல் தீராது. அதற்கு இராமநாதபுரத்தில் இடமும் இருக்கிறது. கண்மாய் வரத்தில் இல்லாத மேட்டுப் புஞ்சை, சீமைக் கருவேலம் மண்டிக் கிணறும் வற்றிய நிலம், ரோட்டோரத் துண்டுகள். அதைப் பிரித்துக் காட்டும் வரைபடம் ஒன்றுதான் தேவை.

அது பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. வருவாய்த் துறையின் கிராம வரைபடம், நீர்வளத் துறையிடம் உள்ள கண்மாய், வரத்துக்கால் பட்டியல், வனத்துறை ஆண்டுதோறும் எடுக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. மூன்றும் மாவட்டத் தலைநகரில் வேறு வேறு அலுவலகங்களில் கிடக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எங்கே பதிக்கலாம், எங்கே கூடாது என்பது துணைமின்நிலையத்துக்கு இடம் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும். உச்ச நீதிமன்றம் சொன்ன நேரடிச் சரிபார்ப்பைக் கார்த்திகை, மார்கழியில் நடத்தினால் பாதி வேலை அதிலேயே முடியும். சித்திரையில் போனால் பொட்டலைத்தான் அளந்துவிட்டு வருவார்கள்.

எல்லைக்குள் எதைச் சேர்க்கலாம் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே வழி காட்டியிருக்கிறார்கள். 2025 ஜூன் 5ஆம் தேதி தமிழக அரசு தனுஷ்கோடியில் பெரும் பூநாரை சரணாலயத்தை அறிவித்தது. 524.7 ஹெக்டேர். அதில் வன நிலத்தோடு வருவாய்த் துறையின் நிலமும் சேர்ந்திருக்கிறது. வனத்துறை நிலம் இல்லை என்பதால் கைவிட வேண்டியதில்லை என்று அரசே ஒருமுறை செய்து காட்டிய பிறகு, அரசு நிறுவனத்தின் கையிலேயே இருக்கும் மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களிலிருந்தும், பறவைகள் சரணாலயமான மேலச்செல்வனூர் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் புறம்போக்குகளிலிருந்தும் அடுத்த பட்டியலைத் தொடங்கலாம்.